312 கசெற், ஒரு யூரியூப் சனல், சுவிஸிலிருந்து ஒரு போன்

சுன்னாகம் கமராக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். சுருக்கினால் வரும் பதிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

1989 இல் சுன்னாகத்தில் வீடியோ எடுக்கத் தொடங்கியவன் நான். கலியாணவீடு, சாமத்தியவீடு, தேர், தீர்த்தம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகள் வரமுடியாமல் போன செத்தவீடு, எல்லாம் எடுத்திருக்கிறேன். முதல் கமரா பானசோனிக் எம்7. முழுக் கசெற்றும் உள்ளே போகிற, தோளில் வைக்கிற சாமான். ஒரு கலியாணம் முடிந்தால் அடுத்த இரண்டு நாளும் வலது தோள் என்னுடையதில்லை.

1990 இல் போரால் மின்சாரம் போனதும் தொழில் படுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். படுக்கவில்லை. டெக் (கசெற் ஓட்டுகிற பெட்டி), ரிவி, ஜெனரேற்றர் மூன்றையும் வண்டிலில் ஏற்றிப்போய் யாராவது ஒருவரின் முற்றத்தில் இறக்கினால் இரவு மூன்று படம் ஓடும். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு நிற்கும், சனம் பாயும் தலையணையுமாக வந்துவிடும். கலியாணங்களும் குறையவில்லை. வெற்றுக் கசெற்தான் கிடைக்காது. மேலே பதியமுடியாதபடி படக் கசெற்றின் முனையில் உடைத்திருக்கும் ஓட்டைக்குச் செலோரேப் ஒட்டி, படத்தின் மேலேயே கலியாணத்தை அடிப்போம். அதனால் சில கசெற்றில் தாலி கட்டி, பந்தி முடிந்து, பொம்பிளை மாப்பிளை கால்மாறிப் போனதும் திடீரென்று ஒரு கதாநாயகன் ஐந்து பேரை அடித்துக்கொண்டிருப்பான்.

வீட்டுக்காரருக்குக் கொப்பி கொடுப்பேன், மூலக் கசெற் என்னிடம் இருக்கும். கனடாவுக்கு ஒன்று, ஜேர்மனிக்கு ஒன்று என்று பிறகு கேட்டு வருவார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போரில் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது கமராவை மட்டும் எடுத்துப்போனேன். கசெற்றுகளை உரப் பையில் கட்டிக் குசினிப் பரணில் போட்டேன். திரும்பி வந்தபோது கதவும் நிலையும் இல்லை, பரண் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசிடி, டிவிடி, போன் மெமரி காட்டுக்குப் பாட்டு ஏற்றிக்கொடுத்த காலம், ட்ரோன், கொரோனா நேரம் முகநூல் லைவில் ஐந்து பேரோடு நடந்த கலியாணங்கள். இப்போது அந்தக் கடையில் போன் கவர் விற்கிறேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். தங்கச்சியின் மகன் பரணில் இருந்த கசெற்றுகளை எண்ணினான்: 312. ‘மாமா, இது தங்கச் சுரங்கம்’ என்றான். எங்கேயோ ஒரு பழைய டெக்கைத் தேடிப்பிடித்து மூன்று கசெற்றைக் கணினிக்கு மாற்றினான். ஏழாலைப் பக்கம் 1993 ஆவணியில் நடந்த ஒரு கலியாணத்திலிருந்து நாலு நிமிடத்தை வெட்டி, ‘90களில் யாழ்ப்பாணக் கலியாணம்’ என்று தலைப்பு வைத்துத் தன் சனலில் ஏற்றினான். இரண்டு நாளில் 40 ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘அந்தப் பெற்றோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என் பெரியப்பா’, ‘பந்தலில் அந்தத் தோரணம் கட்டுகிற ஆட்கள் இப்ப இல்லை’ என்றெல்லாம் கருத்துகள். எனக்கும் சந்தோசம்தான், மறைக்கவில்லை. 35 வருசத்தில் என் வேலையை அத்தனை பேர் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் சுவிஸிலிருந்து ஒரு போன். அந்தக் கலியாணத்துப் பொம்பிளை. அந்த மாப்பிளையை விட்டு விலகி 25 வருசத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது வேறு குடும்பம். பிள்ளைகளுக்கு முந்திய கலியாணம் பற்றித் தெரியாது. யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் லிங்கை அனுப்ப, மூத்த பிள்ளையே பார்த்துவிட்டது. அவர் கத்தவில்லை. ‘அண்ணை, என்னைக் கேட்டனீங்களோ?’ என்று மட்டும்தான் கேட்டார்.

அன்றிரவே எடுத்துவிட்டோம். மருமகன் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

மிச்சம் 311 கசெற்றை நான் என்ன செய்வது? எடுத்தவன் நான், காசு தந்தது வீட்டுக்காரர், கசெற்றில் இருப்பது ஊர். இது யாருடையது? அப்படியே விட்டால் பூஞ்சணம் தின்றுவிடும். இதில் காசு வந்தால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

திருநெல்வேலி டெக் தம்பி:

அண்ணை, உரிமைக் கதையைப் பெரியவர்கள் சொல்லட்டும். நான் சாமானைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் இல்லை.

முதலில், பூஞ்சணம் பிடித்த கசெற்றை அப்படியே டெக்குக்குள் தள்ளாதீர்கள். கண்ணாடிச் சாளரத்தால் பாருங்கள், சுற்றிய நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொட்டு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு கசெற்றின் பூஞ்சணம் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டினால் அடுத்து வரும் நல்ல கசெற்றுக்கும் அதுதான் போகும். ஹெட்டும் தேய்ந்துவிட்டால் புதிதாக வாங்க வழியில்லை. உலகத்திலேயே கடைசியாக இந்த விஎச்எஸ் வகைக் கசெற்றுக்கு டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளை வைத்துத்தான் இனிச் சீவியம். அதனால் மருமகனிடம் உள்ள டெக்கைக் கோயில் விளக்கு மாதிரிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல கசெற்றையும் ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்ப ரிவைண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். இத்தனை வருசம் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா அது.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணித்தியாலக் கசெற் மூன்று மணித்தியாலம்தான் ஓடும், வேகமாக மாற்ற வழியில்லை. 312 கசெற்றும் நிரம்பியிருந்தால் 936 மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் இருந்தாலும் 117 நாள். டிவி (DV) என்கிற டிஜிற்றல் முறையில் பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவில் வரும், மொத்தம் 12 ஆயிரம் ஜிபிக்கு மேல். ஒரு டிஸ்கில் மட்டும் வைத்தால் வைக்காததற்குச் சமம், இரண்டு வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய நினைக்காமல் 90 முதல் 95 வரை உள்ளதை முதலில் எடுங்கள்.

இன்னொன்று. மருமகன் ஏற்றிய துண்டுக்குப் பாட்டுக் கம்பனிகளிடமிருந்து உரிமைகோரல் ஏதும் வந்ததா? அந்தக்காலக் கலியாண வீடியோவில் தாலி கட்டும்போது ஒரு சினிமாப் பாட்டு, ஆரத்திக்கு ஒரு சினிமாப் பாட்டு என்று போட்டுத்தள்ளியிருப்பீர்கள். யூரியூப்பில் கன்ரென்ட் ஐடி என்று ஒன்று 2007 இலிருந்து இருக்கிறது. பாட்டைத் தானாகவே மோப்பம் பிடித்து உரியவருக்குச் சொல்லிவிடும். பெரும்பாலும் வீடியோவை எடுக்கமாட்டார்கள், விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும். சில நாடுகளில் தெரியாமல் மறைப்பதும் உண்டு. அது வேறு, பதிப்புரிமை மீறலுக்கு வரும் ‘ஸ்ட்ரைக்’ என்கிற எச்சரிக்கை வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சனலே போகும். பாட்டை மட்டும் அழிக்கிற வசதி இருக்கிறது, ஆனால் சில வேளை கூடவே ஆட்களின் குரலும் அடிபடும்.

சுன்னாகம் கமராக்காரன்:

தம்பி, உரிமைகோரல் வரவில்லை. ஏன் என்று உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் விளங்கியது. பாட்டெல்லாம் கொப்பி அடிக்கும்போது போடுவது. இரண்டு டெக்கை வயரால் இணைத்து, ஓடியோவுக்கு மட்டும் ஒரு ஸ்ரீரியோவிலிருந்து வயர் கொடுப்பேன். வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் கொப்பியில்தான் பாட்டு. என்னிடம் உள்ள மூலத்தில் பாட்டே இல்லை. ஜெனரேற்றர் இரைச்சல், மேளம், ஐயரின் மந்திரம், பின்னால் நின்று சனம் கதைக்கிறது, அவ்வளவும் இருக்கிறது.

இது இவ்வளவு நாளும் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை பாருங்கள். அந்த இரைச்சலை மறைக்கத்தானே பாட்டுப் போட்டேன்.

வல்வெட்டித்துறை வ்லொக்:

ஐயா, காசு பற்றி நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். நான் ஆறு வருசமாக இதில்தான் சாப்பிடுகிறேன்.

ஆயிரம் சந்தாதாரர், ஒரு வருசத்துக்குள் நாலாயிரம் மணித்தியாலப் பார்வை. இது இருந்தால் விளம்பரப் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். ஆம், தபாலில், கடதாசியில். எனக்கு இரண்டு முறை தொலைந்து மூன்றாவதுதான் வந்தது. தபால்காரருக்கு ரீ வாங்கிக் கொடுத்தேன். 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு, மிச்சம் யூரியூப்புக்கு.

இதெல்லாம் இன்ரநெற்றில் தேடினால் வரும். தேடினாலும் வராத ஒன்று இருக்கிறது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு விளம்பர விலைதான் நமக்குக் காசு. கொடிகாமத்தில் ஆயிரம் பேர் பார்ப்பதும் நோர்வேயில் ஆயிரம் பேர் பார்ப்பதும் ஒன்றல்ல. முதல் வருசம் நான் இங்கேயுள்ள பெடியளுக்காக மோட்டார் சைக்கிள் திருத்துகிற வீடியோ போட்டேன். நல்லாய்ப் பார்த்தார்கள், காசு வரவில்லை. ஒருநாள் அம்மம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவதைச் சும்மா எடுத்துப் போட்டேன். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எல்லாம் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. கிணற்றடி, பனங்கூடல், வேலி, கூழ். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எனக்கு அறுவடைக்காலம். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் வீடியோவுக்கு மட்டும் அம்மம்மா விறகு அடுப்பில் சமைக்கிறார். பார்ப்பவர்கள் விட்டுப்போன ஊரைக் கேட்கிறார்கள், நாங்கள் அந்த ஊராக நடிக்கிறோம்.

உங்கள் கசெற்றுக்குச் சந்தை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அது நடிப்பு இல்லை, உண்மையான 1993. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். உதவி வீடியோக்கள் நானும் செய்தவன். வெளிநாட்டு அண்ணை ஒருவர் காசு அனுப்புவார், நான் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு போய், கமராவை வைத்து, அவர்களின் கஷ்டத்தைக் கேட்டு, கொடுப்பேன். நல்ல பார்வை வரும். கிளிநொச்சிப் பக்கம் ஓர் அம்மா, ‘தம்பி, நான் அழுதால்தான் இந்தச் சாமானை இறக்குவீங்களோ?’ என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, முறை தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டார். அன்று அரிசியை இறக்கிவிட்டு மெமரி காட்டை அழித்தேன். அதோடு அந்த வேலையை விட்டேன். வருமானம் பாதியாகிவிட்டது, அதுவும் உண்மை.

அச்சுக்கூடத்தான்:

கமராக்காரத் தம்பிக்கு. நான் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் விளம்பரப் பிரிவில் 28 வருசம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பழைய கதை சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பத்திரிகைக்குச் செய்தியால் பேர் வரும், மரண அறிவித்தலால் சம்பளம் வரும். இதை எந்த ஆசிரியரும் வெளியே சொல்லமாட்டார். ‘புன்னாலைக்கட்டுவனைப் பிறப்பிடமாகவும், இணுவிலை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, அன்னாரின் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எந்த நாட்டில் யார் என்று ஒரு வம்சமே அதில் இருக்கும். அந்தக் காலத்தில் இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. பிறகு அது எங்கள் பக்கத்துக்கு வந்தது. இப்போது இணையத்தளங்களுக்குப் போய்விட்டது. இங்கே மூச்சு நின்று ஒரு மணித்தியாலத்தில் கனடாவில் படத்தோடு வந்துவிடுகிறது. 2022 இல் கடதாசி விலை ஏறிப் பக்கங்களைக் குறைத்தபோது எங்களிடம் குறைப்பதற்கு அறிவித்தல்களே பெரிதாக மிச்சமில்லை. குறை சொல்லவில்லை, நாளைக் காலை வரை காத்திருக்க யாருக்கு முடியும்?

ஆனால் எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. அறிவித்தல் கொடுக்க வீட்டு ஆள் ஒருவர் வந்து அதில் இருக்கவேண்டும். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவோம். விலகியிருக்கிற மகனின் பெயரைப் போடுவதா விடுவதா என்று அந்தக் கதிரையில் இருந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து வாங்கிய பிறகுதான் அச்சுக்குப் போகும். கீழே ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று வரும். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு பொறுப்பாளி இருக்கிறார்.

உங்கள் மருமகன் ஏற்றிய வீடியோவுக்குக் கீழே அப்படிப் போட முடியுமா? பதிப்புரிமை யாருக்கு என்பதை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை வைத்து ஒரு சட்டத்தரணி சொல்வார், கேட்டுப் பாருங்கள். சுவிஸ் பிள்ளை உங்களிடம் கேட்டது அந்தச் சட்டக் கேள்வி இல்லை.

அதற்காகப் பரணிலேயே வைத்திருங்கள் என்றும் சொல்லமாட்டேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97 ஆயிரம் புத்தகம் என்று கணக்குச் சொல்கிறோம். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்ததெல்லாம் போயிற்று. ‘நூலகம்’ என்ற பெயரிலுள்ள இணைய நிறுவனம் 2005 இலிருந்து நம்முடைய நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிவருகிறது. ஒளிப்படம், ஒலி, ஒளிப்பதிவுகளுக்கு ஆவணகம் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். தேர், தீர்த்தம், பரிசளிப்பு விழா போன்ற பொதுக் கசெற்றுகளை அவர்களிடம் கதைத்துப் பாருங்கள். வீட்டுக் கசெற்றை வீட்டாரிடம் கொடுங்கள். மாற்றிக்கொடுப்பதற்கு நியாயமான கூலி வாங்குங்கள், அதில் வெட்கம் இல்லை.

ஸ்காபரோ வாசுகி:

நான் அந்த நாலு நிமிடத்தைப் பார்த்தேன் அண்ணை, எடுப்பதற்கு முதல். இரண்டாம் நிமிடத்தில் பந்தியில் வாழையிலைக்கு முன்னால் இருந்து, தண்ணீர் தெளித்துவிட்டு, கமராவைப் பார்த்துக் கையால் ‘போ’ என்று காட்டுகிறவர் என் அப்பா. 2004 இல் இறந்துவிட்டார். எங்களிடம் அவரின் அசையும் படம் ஒன்றுகூட இல்லை. பாஸ்போட் படம்தான் இருக்கிறது. மகளுக்குக் காட்டலாம் என்று மறுநாள் தேடினால் ‘இந்த வீடியோ கிடைக்கவில்லை’ என்று வந்தது.

அந்த அக்காவின் பக்கம் நியாயம் இருக்கிறது, நானும் பெண்தான். ஆனால் ஒரு கலியாணவீடு பொம்பிளை மாப்பிளைக்கு மட்டும் சொந்தமா? அந்தப் பந்தியில் 60 பேர் இருந்தார்கள். எங்களுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது.

எனக்கு அப்பா இருக்கிற அந்தப் பத்து வினாடி போதும். கூலி என்னவென்று சொல்லுங்கள். இலவசமாக வேண்டாம்.

சுன்னாகம் கமராக்காரன்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமையாகப் பதில் போடவில்லை, வேலையில் இருந்தேன்.

தங்கச்சி வாசுகி, உங்கள் அப்பா கையைக் காட்டுகிற இடத்தை மருமகன் வெட்டி வைத்திருக்கிறான். பொம்பிளை தெரியாதபடி பந்தி மட்டும். சுவிஸ் பிள்ளையிடம் கேட்டேன், ‘அதைக் கொடுங்கோ அண்ணை, அவர் எங்களுக்கும் வேண்டியவர்தான்’ என்றார். முகவரியைத் தனியாக அனுப்புங்கள்.

அச்சுக்கூடத்து ஐயா சொன்ன கதிரை மண்டைக்குள் நின்றுவிட்டது. அதனால் இப்படிச் செய்திருக்கிறோம். சனலில் வீடியோ இல்லை, ஒரு பட்டியல் மட்டும். ‘1991 வைகாசி, மல்லாகம், கலியாணம். 1992 தை, உரும்பிராய், சாமத்தியவீடு.’ பெயர் இல்லை, முகம் இல்லை. தங்களுடையது என்று அடையாளம் சொல்பவர் போன் எடுக்கலாம், கடைக்கு வரலாம். கடையில் ஒரு கதிரையும் போட்டிருக்கிறேன். மருமகனுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. பட்டியலை யார் மாமா பார்ப்பார்கள் என்றான். 600 பேர்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 19 போன் வந்துவிட்டது. பாட்டுக் கம்பனிக்கும் பங்கில்லை, யூரியூப்புக்கும் பங்கில்லை. ஒரு கசெற்றுக்கு வாங்குகிற கூலியில் டெக்குக்கும் டிஸ்குக்கும் போக ஏதோ மிஞ்சுகிறது. போன் கவரில் வருவதைவிடப் பரவாயில்லை. தேர்க் கசெற்றுகள் 14 உண்டு, ஆவணகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை 70 வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பஸ்ஸில் வந்தார். உடுவில் கசெற், 1994 வைகாசி. தன் அண்ணன் மகளின் கலியாணம் என்றார். அவரின் மகன் அந்தக் கலியாணத்தில் பந்தி பரிமாறியவன், பிறகு காணாமற் போனவன். கொப்பியை அண்ணன் வீட்டில் முந்தியே பார்த்திருக்கிறார். பையன் பாயசச் சட்டியோடு கமராவைக் கடந்து போவது அதில் இருக்கிறது, மேலே ஒரு சினிமாப் பாட்டு ஓடும். அதைத்தான் திரும்பப் பார்க்க வந்தார்.

நான் மூலத்தைப் போட்டேன். பையன் வருகிறான், சட்டியைச் சரிக்கிறான், ‘பெரியப்பா, இன்னும் கொஞ்சம் விடட்டோ?’ என்று கேட்கிறான்.

அம்மா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் ஸ்பீக்கரைப் பார்த்தார். படம் வேண்டாம் தம்பி, அந்தக் கதையை மட்டும் என் போனில் ஏற்றித் தாங்கோ என்றார். மருமகன்தான் ஏற்றிக்கொடுத்தான். நாலு வினாடி. போனை எப்படி அமத்த வேண்டும் என்று அவருக்கு மூன்று முறை காட்டிக்கொடுத்து, பஸ்வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டும் வந்தான். கூலியை நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

திருநெல்வேலித் தம்பி, உங்களிடம் ஒரு விசயம். 47 ஆம் கசெற்றின் விளிம்பில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது, நீங்கள் சொன்னபடி தனியாக வைத்திருக்கிறேன். 1990 ஆனியில் எடுத்தது, பட்டியலில் அதற்கு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். துடைத்து எடுக்க வழி உண்டா, அல்லது உங்களிடமே கொண்டு வரட்டுமா? ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான்.